நிறுவனப் பதிவும் வேலையிழப்பு நிவாரணமும்: மறைத்துப் பெறுவது உரிமையாகாது

திருப்பதி, சித்தூர் மாவட்டங்களின் வங்கிக் கிளைகளில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. தொழிற்சாலையில் வேலை பார்த்து வந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு வேலை போய்விடுகிறது. இ.எஸ்.ஐ. வழியாக வேலையிழப்பு நிவாரணம் கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் அவர் பெயரில் ஏற்கெனவே ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனமோ, ஒருநபர் நிறுவனமோ பதிவாகி இருக்கிறது. "நிவாரணம் கேட்கலாமா? கேட்டால் சிக்கல் வருமா?" என்பதே அவரது கவலை.

இதற்கு வெளியில் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. "கம்பெனி இருந்தால் ஒரு காசும் வராது" என்பது ஒன்று. "கம்பெனியைப் பற்றி வாயே திறக்காதீர்கள், பணம் வந்துவிடும்" என்பது மற்றொன்று. முதல் விடை உரிமையுள்ளவரைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது விடை அப்பாவியைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டும் தவறு என்பது எம் கருத்து. நிறுவனம் வைத்திருப்பது குற்றமன்று. அதை மறைப்பதே குற்றம். உண்மையைச் சொல்பவருக்கு இழப்பு நேராதபடி விதிகளைத் தெளிவாக எழுதுவது அரசின் கடமை.

தொழிலாளி ஒருவர் ஏன் நிறுவனம் பதிவு செய்கிறார்? நம் பகுதியைக் கண்டால் விடை எளிது. ஸ்ரீசிட்டியிலும் ரேணிகுண்டாவைச் சுற்றியும் உள்ள ஆலைகளுக்கு ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வாகனம், உணவகம், துப்புரவு, ஆள் வழங்கல் எனப் பல சிறு ஒப்பந்தங்கள் உண்டு. அவற்றைப் பெற விரும்புவோர் நிறுவனமாகப் பதிவு செய்துகொள்கிறார்கள். சித்தூர்ப் பகுதியின் மாம்பழ விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனங்களில் சேருகிறார்கள். அவையும் நிறுவனச் சட்டத்தின்கீழ்ப் பதிவாகக்கூடியவையே; இயக்குநராக ஐந்து பேராவது வேண்டும். ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே, சொந்த ஊர்த் தோப்பின் காரணமாக அத்தகைய நிறுவனத்தில் ஊதியமில்லாத இயக்குநராக ஒருவர் இருக்கலாம். 2015இல் முத்ரா, 2016இல் ஸ்டார்ட் அப் இந்தியா, 2020இல் பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டம் என அரசே "தொழில் தொடங்குங்கள்" என்று அழைத்து வந்திருக்கிறது. அந்த அழைப்பை ஏற்றவரை, வேலை போன நாளில் ஐயத்துடன் பார்ப்பது முறையாகாது.

இனி, நிவாரணம் எது என்பதைப் பார்ப்போம். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் இ.எஸ்.ஐ. காப்பீட்டின்கீழ் வருகிறார்கள். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, வேலையிழந்த காப்பீட்டாளருக்கு வாழ்நாளில் ஒருமுறை, அதிகபட்சமாக 90 நாள்களுக்கு நிவாரணம் தருகிறது. தொடக்கத்தில் சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடாக இருந்த தொகை, கொரோனாக் காலத்தில் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. திட்டமும் பலமுறை நீட்டிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளாவது காப்பீட்டுக்குரிய பணியில் இருந்திருக்க வேண்டும். வேலையிழப்புக்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்கும், அதற்கு முந்தைய மூன்று பங்களிப்புக் காலங்களில் ஏதேனும் ஒன்றில் 78 நாள்களுக்கும் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர், பணி ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் சென்றவர் ஆகியோருக்கு இது கிடையாது.

ஆலையே மூடப்பட்டாலோ ஆட்குறைப்பு நடந்தாலோ, 2005 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனாவும் உண்டு. இதன்கீழ் நீண்ட காலத்துக்கு வேலையிழப்புப் படி கிடைக்கும். குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் தொடரும். சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002இல் மூடப்பட்டபோது இப்படி ஒரு திட்டமே நாட்டில் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் அருமை புரியும். இவை தானமாகத் தரப்படுபவை அல்ல. ஒவ்வொரு மாதமும் ஊதியத்திலிருந்து பிடிக்கப்பட்ட பணத்தின் பயன்.

இத்திட்டங்களின் நிபந்தனைகள் "வேலையிழந்தவர்" என்று பேசுகின்றன. இருவேறு முதலாளிகளிடம் காப்பீட்டுடன் வேலை பார்ப்பவர், இருவரிடமும் வேலையிழந்தால் மட்டுமே வேலையிழந்தவராகக் கருதப்படுவார் என்கின்றன. இடையில் வேறு வேலை கிடைத்தால், வேலையில்லாத நாள்களுக்கு மட்டுமே தொகை உண்டு என்கின்றன. நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவரைப் பற்றி அவை தனியாகப் பேசவில்லை. குழப்பம் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

வணிகவியல் படித்தவர்களுக்கு சாலமன் வழக்கு நினைவிருக்கும். காலணி செய்த வணிகர் ஒருவர் தம் தொழிலைத் தாமே தொடங்கிய நிறுவனத்துக்கு விற்றார். நிறுவனம் வேறு, அதன் உரிமையாளர் வேறு என்று 1896இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பின்படி பார்த்தால், பங்குச் சான்றிதழ் ஒரு சொத்து மட்டுமே. வீடோ நிலமோ வைத்திருப்பது எப்படி வேலை ஆகாதோ, அப்படியே பங்கு வைத்திருப்பதும் வேலை ஆகாது.

ஆனால் பங்குதாரராக இருப்பது வேறு, அந்த நிறுவனத்தில் உழைத்து ஊதியம் பெறுவது வேறு. அபெக்ஸ் இன்ஜினியரிங் வழக்கில் 1997இல் நம் உச்ச நீதிமன்றம், ஊதியம் பெறும் நிர்வாக இயக்குநரும் இ.எஸ்.ஐ. சட்டத்தின் பொருளில் "பணியாளர்" ஆகலாம் என்றது. பங்களிப்பை வசூலிக்கும்போது இயக்குநரைப் பணியாளராகக் கொள்ளலாம் என்றால், நிவாரணம் கேட்கும்போதும் அதே அளவுகோல்தான் பொருந்த வேண்டும். சொந்த நிறுவனத்திலிருந்து மாதந்தோறும் ஊதியம் எடுப்பவர் வேலையில் இருக்கிறார். ஆலை வேலை போனது உண்மையாயினும், அவர் முழுமையாக வேலையிழந்தவர் அல்லர்.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு எழும். ஊதியம் எவ்வளவு என்பதை முடிவு செய்வதே உரிமையாளர்தானே? மூன்று மாதம் ஊதியம் எடுக்காமல், வருமானத்தை நிறுவனத்திலேயே விட்டுவைத்து, நிவாரணம் முடிந்தபின் மொத்தமாக எடுத்துக்கொண்டால்? தம் நிறுவனத்திலேயே தம்மைப் பணியாளராகப் பதிந்து, இரண்டு ஆண்டுகள் பங்களிப்புச் செலுத்திவிட்டு, தம்மைத் தாமே வேலைநீக்கம் செய்துகொண்டால்? இந்த ஐயத்தில் நியாயம் இருக்கிறது. பங்களிப்புச் செலுத்தும் அனைவரின் பணமும் ஒரே நிதியில்தான் சேர்கிறது. ஒருவர் ஏமாற்றிப் பெறும் தொகை, பக்கத்து இயந்திரத்தில் வேலை பார்ப்பவரின் பையிலிருந்து போவதே.

சாலமன் தீர்ப்பைத் தந்த பிரிட்டனே இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அங்கு யுனிவர்சல் கிரெடிட் என்னும் உதவித்தொகை கேட்பவர், தனியுரிமைத் தொழிலைப் போன்ற ஒரு நிறுவனத்தை நடத்துபவராக இருந்தால், அந்த நிறுவனத்தின் வருமானத்தை அவருடைய வருமானமாகவே அரசு கணக்கிடுகிறது. சட்டத்தின் திரையை விலக்கிப் பார்க்கிறார்கள். பிரான்சில் நிலை வேறு. வேலையிழந்தவர் நிறுவனம் தொடங்கினால், எஞ்சியிருக்கும் வேலையிழப்புத் தொகையில் 60 விழுக்காட்டை மூலதனமாக இரண்டு தவணைகளில் பெறும் வழி அங்கு உண்டு. ஜெர்மனியில் வேலையிழந்த நிலையில் சுயதொழில் தொடங்குவோருக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆறு மாதங்களுக்கு வேலையிழப்புத் தொகையும் அதனுடன் மாதம் 300 யூரோவும் தருகிறார்கள். இம்மூன்று நாடுகளிலும் நிறுவனத்தின் விவரத்தைச் சொல்லுமாறு கேட்கிறார்கள். சொன்னபின் என்ன ஆகும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

நம் நாட்டிலும் சில அரசுத் திட்டங்கள் இவ்வினாவைத் தொட்டிருக்கின்றன. ஆந்திரப் பிரதேசத்தில் 2018 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட முக்கியமந்திரி யுவநேஸ்தம் திட்டம், வேலையில்லாப் பட்டதாரிகளுக்குத் தொடக்கத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கியது. 22 முதல் 35 வயது வரையுள்ளவர்களுக்கான அத்திட்டத்தில், அரசின் சுயதொழில் திட்டங்களில் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனுதவி பெற்றவர் தகுதியற்றவர் என்ற நிபந்தனை இருந்தது. 2019க்குப் பின் அத்திட்டம் தொடரவில்லை. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருப்போருக்கான உதவித்தொகை, பட்டதாரிகளுக்கு மாதம் 600 ரூபாய். சுயதொழிலில் ஈடுபடுவோர் அதைப் பெற இயலாது.

கடன் வாங்கியதையே தகுதியின்மையாகக் கொள்ளும் முறையை ஒரு வங்கி அலுவலர் என்ற நிலையில் எம்மால் ஏற்க முடியவில்லை. கடன் வாங்கித் தொடங்கிய தொழில் நொடித்துப் போயிருக்கலாம். அப்படி நொடித்தவர்தான் மற்றவர்களைவிட அதிகத் துன்பத்தில் இருப்பார்: வேலையும் இல்லை, வருமானமும் இல்லை, தவணை மட்டும் உண்டு. அரசு பார்க்க வேண்டியது, இன்று வருமானம் வருகிறதா என்பதை. ஒருவர் முன்பு முயன்று பார்த்தார் என்பதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

விதியில் இடைவெளி இருக்கிறது என்பதற்காக மௌனமாக இருந்துவிடலாமா? கூடாது. காரணம் அறம் மட்டுமன்று, நடைமுறையும்கூட. 2020 பிப்ரவரி முதல் புதிய நிறுவனம் பதிவாகும்போதே அதற்கு இ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதி எண்களும் சேர்த்தே வழங்கப்படுகின்றன. அதாவது, நிவாரணம் தரும் அமைப்பின் பதிவேட்டிலேயே உங்கள் நிறுவனம் பிறந்த நாள் முதல் இருக்கிறது. இயக்குநரின் பெயரை நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். இயக்குநர் ஊதியத்தில் வரி பிடித்தால் அது வருமான வரிப் பதிவில் ஏறுகிறது. ஜி.எஸ்.டி. அறிக்கை விற்றுமுதலைக் காட்டுகிறது. நிவாரணமோ ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குக்கே வருகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முன்பும் எளிதாக இருந்ததில்லை. இப்போது மறைக்கச் சோறே இல்லை.

தெரிந்தே பொய் சொல்லிப் பயன் பெற்றால், 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தின் 84ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று வகுத்தது. அதன் இடத்தில் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பொய்யான அறிக்கையைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. மூன்று மாதப் பணத்துக்காக ஒருவர் தம் பெயரையும், நாளை கடன் பெறும் தகுதியையும் பணயம் வைக்கலாமா என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

எல்லையோர மாவட்டங்களுக்கு உரிய இடர் ஒன்றையும் சொல்ல வேண்டும். நகரி, சத்தியவேடு, சித்தூர், குப்பம் பகுதிகளில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் பலர். படிவங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ இருக்கின்றன. இடைத்தரகர் நிரப்பித் தர, இவர்கள் கையெழுத்து மட்டும் போடுகிறார்கள். "வேறு எந்த வேலையும் வருமானமும் இல்லை" என்ற வரி அதில் இருந்தால், அதன் பொறுப்பு கையெழுத்திட்டவருடையதே, தரகருடையது அன்று. படித்துப் பொருள் கேட்காமல் எந்த உறுதிமொழியிலும் கையெழுத்திட வேண்டாம். உறவினரோ, சங்கப் பொறுப்பாளரோ, வங்கிக் கிளையின் அலுவலரோ வரிவரியாகப் படித்துச் சொல்லக் கேளுங்கள்.

நிறுவனத்தைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் ஊதியம் 600 ரூபாய் பெற்றவருக்கு 50 விழுக்காடு வீதம் 90 நாள்களுக்கு 27,000 ரூபாய் நிவாரணம் வரும். அவர் பெயரில் உள்ள நிறுவனம் எந்தத் தொழிலும் செய்யவில்லை என்றாலும், ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையும் ஆண்டறிக்கையும் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவங்களுக்கு அதே 90 நாளில் 18,000 ரூபாய். வந்த நிவாரணத்தில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துபோன நிறுவனத்துக்கே போய்விடும். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால், இயக்குநர் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார். 2017இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டபோது, அவற்றின் கணக்குகளைக் கட்டுப்படுத்துமாறு வங்கிகளுக்கு அறிவுறுத்தல் வந்ததையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே வாடிக்கையாளர்களுக்கு எம் வேண்டுகோள் இதுதான். நிறுவனத்தின் வரவு செலவை நடப்புக் கணக்கில் மட்டுமே நடத்துங்கள். சேமிப்புக் கணக்கில் கலக்காதீர்கள். வேலையிழந்த காலத்தில் நிறுவனம் இயங்கவில்லை என்பதற்கு, கலப்பில்லாத அந்தக் கணக்கு அறிக்கையைவிட வலுவான சான்று வேறில்லை. நிவாரண விண்ணப்பத்துடன், "இன்ன பெயரில் ஒரு நிறுவனம் உள்ளது, இன்ன தேதிக்குப் பின் அதிலிருந்து ஊதியமோ வருமானமோ பெறவில்லை" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, ஒப்புகை முத்திரையுடன் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊதியம் பெற்றிருந்தால் அதையும் எழுதுங்கள். முடிவு செய்வது இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தின் பொறுப்பு. தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. நிவாரணம் மறுக்கப்பட்டால் இழப்பு பணத்தோடு போகும். மறைத்துப் பெற்று அது வெளிப்பட்டால் அப்படி அன்று. நிறுவனம் இனித் தேவையில்லை என்றால் முறைப்படி பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரலாம். பிறகு தேவைப்படும் என்றால் செயலற்ற நிறுவனம் என்ற தகுதியைக் கோரலாம். இரண்டுக்கும் சட்டத்தில் வழி உண்டு.

அரசிடமும் இ.எஸ்.ஐ. கழகத்திடமும் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, விண்ணப்பத்திலேயே நேரடியான ஒரு வினா இருக்கட்டும்: எந்த நிறுவனத்திலாவது பங்குதாரரா, இயக்குநரா, கடந்த மூன்று மாதங்களில் அதிலிருந்து என்ன பெற்றீர்? கேட்டால் பெரும்பாலோர் உண்மையே சொல்வார்கள். கேட்காததால்தான் மௌனம் வழக்கமாகிறது. இரண்டாவது, விடை என்னவாக இருந்தால் என்ன முடிவு என்பதை முன்னரே அறிவிக்கட்டும். இயங்காத நிறுவனமும் ஊதியமில்லாத இயக்குநர் பதவியும் தடையாகக் கூடாது. நிறுவனத்தில் வருமானம் இருந்தால் அந்த அளவுக்கு நிவாரணம் குறையட்டும். தம் நிறுவனத்திலிருந்து தாமே வெளியேறுவோருக்கு அந்த நிறுவனத்தின் கணக்கையும் சேர்த்துப் பார்க்கட்டும். மூன்றாவது, எல்லையோர மாவட்டங்களில் படிவமும் விளக்கமும் தமிழிலும் கிடைக்கட்டும்.

வேலை போன வீட்டில் மூன்று மாத அரைச் சம்பளம் என்பது பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மளிகைக் கடைப் பாக்கி, வீட்டுக் கடன் தவணை. உரியவர் அச்சத்தால் அதைக் கேட்காமல் இருப்பதும், உரிமையில்லாதவர் துணிவாக அதை எடுத்துக்கொள்வதும் ஒரே தெளிவின்மையின் இரு விளைவுகள். விதி தெளிவாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டு உரிமையைக் கேட்பதற்கு இன்றைக்கே யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.